மூடுபனிப் பட்டியலும் பழவேற்காட்டு வெயிலும்

செமஸ்டர் பரீட்சை முடிகிற வாரத்தில் எந்தக் கல்லூரி விடுதியை எடுத்துக்கொண்டாலும் ஒரு கூட்டம் பயணத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்துவிடும். மலைக்குப் போவதென்றால் வனத்துறை அனுமதி, கட்டணம், வழிகாட்டி என்று ஆயிரம் சமாச்சாரம். அதனால் சென்னைப் பசங்களின் பார்வை கடற்கரைப் பக்கம் திரும்பும். சென்ட்ரலில் இருந்து பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ், திருப்பாலைவனம் தாண்டினால் பழவேற்காடு. ஏரி, கடல், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம், வரிசையாக மீனவக் குப்பங்கள். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் மணலில் நடந்துவிட்டு வரலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த கட்டம் சாமான் பட்டியல். இங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

இணையத்தில் "கோடைக்காலக் கடற்கரை நடைப்பயணம்" என்று தேடினால் வந்து விழும் பட்டியல்களில் பல, கலிபோர்னியாவின் வடக்குக் கரையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே லாஸ்ட் கோஸ்ட் என்று ஒரு பாதை உண்டு. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளம், நடப்பவர்கள் மத்தியில் பிரசித்தம். அந்தக் கரையில் கோடையில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே எழும்பி வருகிறது. கடல் மேற்பரப்பின் வெப்பநிலை 10 முதல் 13 டிகிரி வரைதான் இருக்கும். ஈரமான காற்று அதன் மேல் தவழ்ந்து வரும்போது குளிர்ந்து மூடுபனியாகிறது. ஜூலை மாதத்தில்கூட நடுங்க வைக்கும். எனவே அவர்கள் கம்பளி போன்ற ஃப்ளீஸ் ஜாக்கெட், நீர் புகாத மேலங்கி, தடித்த ஸ்லீப்பிங் பேக், கணுக்கால் மறைக்கும் பூட்ஸ், ஓடைத் தண்ணீரைச் சுத்திகரிக்க ஃபில்டர் எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். போதாததற்கு, சாப்பாட்டைக் கரடியிடமிருந்து காப்பாற்ற ஒரு கெட்டியான டப்பா. அந்தப் பாதையில் அந்த டப்பா சட்டப்படி கட்டாயம். பழவேற்காட்டில் கரடிக்கு என்ன வேலை? காக்காவுக்கும் நாய்க்கும் ஒரு எவர்சில்வர் தூக்கு போதும் :-)

வங்கக் கடலின் கதையே வேறு. மே மாதத்தில் நம் கரையோரக் கடல் மேற்பரப்பு 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அதன் மேல் வரும் காற்று குளிர்வதில்லை. நீராவியைச் சுமந்துகொண்டு அப்படியே கரைக்கு வருகிறது. அங்கே பனியாகத் தெரிகிற அதே ஈரம் இங்கே கண்ணுக்குத் தெரியாமல் சட்டைக்குள் புழுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. திருப்பாலைவனம் என்ற பெயரைப் பார்த்துவிட்டு அங்கே மணல்மேடும் ஒட்டகமும் இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. பாலை என்பது அங்கே மரத்தின் பெயர். பாலை மரங்கள் நிறைந்த வனம் என்பதால் வந்த பெயர் அது, கோயிலின் தல மரமும் பாலைதான். பாலைவனம் என்றதும் மணலை நினைப்பது போலத்தான் கடற்கரை என்றதும் குளுகுளு காற்றை நினைப்பதும்.

பட்டியல் தப்பானால் என்ன குடி முழுகிவிடும், கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். 2024 அக்டோபர் 6-ம் தேதி மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. காலை 11 மணி முதல் மதியம் 1 மணி வரை. லட்சக்கணக்கான மக்கள் திறந்த மணலில் நின்றார்கள். அன்று ஐந்து பேர் இறந்தார்கள். வெயில்தான் காரணம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். குடையும் தண்ணீரும் கொண்டு வரும்படி முன்கூட்டியே அறிவுறுத்தியதாகவும் சொன்னார்கள். ஏற்பாடு போதவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அது அக்டோபர் மாதம். கத்திரி வெயில் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. யாரும் முதுகில் பத்து கிலோ சுமந்துகொண்டு நடக்கவும் இல்லை.

உடம்பு சூட்டைக் குறைத்துக்கொள்ள வைத்திருக்கும் பெரிய வழி வேர்வை. வேர்வை வழிந்து தரையில் சொட்டினால் பிரயோசனம் இல்லை, தோலின் மேலிருந்து ஆவியாகிப் போனால்தான் சூட்டையும் எடுத்துப் போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது தடைப்படுகிறது. இதை அளக்க ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைப் பயன்படுத்துவார்கள், அது காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. அது 35 டிகிரியைத் தொட்டால் மனிதன் தாங்க மாட்டான் என்பது பழைய கணக்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்து 2022-ல் வெளியிட்ட முடிவு, ஈரமான சூழலில் அந்த எல்லை 31 டிகிரியை ஒட்டியே வந்துவிடுகிறது என்கிறது. காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 30-ஐத் தொட்டுவிடும். பழவேற்காட்டில் மே மாதப் பிற்பகலுக்கு இது ஒன்றும் அதிசயமான எண் அல்ல. கடற்காற்று வரத் தாமதமாகிற நாட்களில் இன்னொரு கூத்து நடக்கும்: மேற்கிலிருந்து வரும் சுடுகாற்று கரை வரைக்கும் வந்து அடிக்கும். 2003 மே 31-ல் சென்னையில் 45 டிகிரி பதிவானது.

எனவே பட்டியலைத் தண்ணீரில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். வெயிலில் சுமையோடு நடப்பவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை வேர்வையாக இழக்கலாம். நான்கு மணி நேர நடை, அது போக இருபது மணி நேரம் சும்மா உட்கார்ந்தும் படுத்தும் வேர்ப்பது. தலைக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால்கூடக் கையைக் கடிக்கும் கணக்குதான். ஐந்து லிட்டர் என்றால் ஐந்து கிலோ. லாஸ்ட் கோஸ்ட்டில் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் வழியெங்கும் உண்டு, அதனால் அவர்களுக்கு ஃபில்டர் புத்திசாலித்தனமான சாமான். பழவேற்காட்டில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உவர் ஏரி. கையடக்க ஃபில்டர் கிருமியை வடிகட்டும், உப்பை வடிகட்டாது. கோடையில் ஆற்று நீர் வருவது நின்று, முகத்துவாரமும் மணல் மேடிட்டால் ஏரியின் உப்பு இன்னும் ஏறும். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஃபில்டரோடு ஏரிக்கரையில் தாகத்தில் நிற்பது எவ்வளவு பரிதாபம்!

ஆகவே ஒவ்வொருவர் பையிலும் மூன்று லிட்டர், மீதிக்கு வழியில் உள்ள குப்பங்களை நம்பித்தான் ஆக வேண்டும். நம்புவது என்றால் இலவசமாகக் கேட்பது அல்ல. அந்த ஊர்க்காரர்களே குடிக்கும் தண்ணீரைக் குடத்திலும் கேனிலும் கணக்குப் பார்த்துச் செலவு செய்பவர்கள். "அண்ணே, ஒரு கேன் விலைக்குக் கிடைக்குமா" என்று கேட்டுக் காசு கொடுத்து நிரப்பிக்கொள்வதுதான் முறை. பத்துப் பேர் கும்பலாகப் போய் ஒரு வீட்டுக் குடத்தைக் காலி செய்துவிட்டு, தாராள மனசுக்காரர்கள் என்று பாராட்டிவிட்டு வருவதில் என்ன பெருமை?

தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, உப்பும் போக வேண்டும். மருந்துக்கடைகளில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். பொடி கிடைக்கிறது. ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு. பாக்கெட்டில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்லது. ஏனென்றால் வெறும் சர்க்கரைப் பானத்தை அழகான அட்டைப் பெட்டியில் அடைத்து ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. பழைய ஞாபகத்தில் பெட்டியைத் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். பொடி கிடைக்கவில்லையா, உப்புப் போட்ட நீர்மோர் எவ்வளவோ மேல்.

அடுத்து நிழல். மலையேறும் கூட்டத்தில் குடை பிடிப்பவரைப் பார்த்தால் சிரிப்பார்கள், ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாமாவைப் பார்ப்பது போல. ஆனால் மரமில்லாத மணலில் கையோடு வரும் ஒரே நிழல் குடைதான். பிற்பகலில் கடற்காற்று பலமாகிவிட்டால் குடை தலைகீழாக மடங்கும் என்பது உண்மை. காலை நடைக்கு அது பிரச்சினை இல்லை, பிற்பகலில் நடக்கவே கூடாது. இன்னொன்று துண்டு. நனைத்துத் தலையில் போடலாம், கழுத்தில் சுற்றலாம், விரித்துப் படுக்கலாம், யாராவது மயங்கி விழுந்தால் ஈரப்படுத்தி உடம்பில் போர்த்தி விசிறலாம். பெண்களிடம் துப்பட்டா இருந்தால் அதுவே இத்தனையும் செய்யும். தலையில் துண்டு கட்டாமல் மீனவர்கள் வெயிலில் வலை இழுப்பது அரிது, அதைப் பார்த்த பிறகும் ஒரு தொப்பிக்கு எண்ணூறு ரூபாய் கொடுப்பது அவரவர் விருப்பம்.

உடையில் ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். நனைந்தால் காயாது, உப்பும் வேர்வையும் சேர்ந்து தொடையை அறுத்துவிடும். வெளிர் நிறத்தில் தளர்வான முழுக்கைச் சட்டை, மெல்லிய பேன்ட், இரவுக்கு லுங்கி. குளிர் நாட்டு நடைக்காரர்கள் பருத்தியைக் கண்டாலே பயப்படுவார்கள். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டைப் பறித்து ஆளைக் கொன்றுவிடும் என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. சூட்டைப் பறிப்பதுதான் இங்கே தேவையே.

பை விஷயத்தில் 60 லிட்டர், 70 லிட்டர் என்று பெரிதாக வாங்குவது பந்தாதான். ஃப்ளீஸ், மேலங்கி, ஸ்லீப்பிங் பேக் மூன்றையும் கழித்துவிட்டால் 30 லிட்டர் பையே தாராளம். தளர்ந்த மணலில் நடக்கக் கெட்டித் தரையில் செலவாவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று அளந்திருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு கிலோவும் இரண்டு கிலோ மாதிரி கனக்கும். வாங்கும்போது முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்றுப் போக வலைப்பின்னல் இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஒட்டிக்கொண்டிருக்கும் பை, வேர்வை ஆவியாக வேண்டிய முதுகு முழுவதையும் மூடிவிடும்.

காலணிக்கு இரண்டு ஜோடி வேண்டியிருக்கிறது, இது கொஞ்சம் எரிச்சலான செலவு. மணலுக்கு வார் வைத்துக் கட்டும் செருப்பு. பூட்ஸ் போட்டால் மணலும் அலைநீரும் உள்ளே புகுந்து கொப்புளம்தான். ரப்பர் செருப்பு ஈர மணலில் ஒட்டிக்கொண்டு வார் அறுந்து போகும். வெறுங்காலில் நடக்கிற மீனவரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், அது ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்த்த பாதம். நண்பகல் மணல் காலைப் பொசுக்கிவிடும். ஏரியில் இறங்குவதாக இருந்தால் மூடிய பழைய கான்வாஸ் ஷூ வேண்டும். அடியில் சிப்பி ஓடுகள் பிளேடு மாதிரி கிடக்கும், கெளிறு முள் குத்தினால் கடுக்கும், அது போக ஊருலா வந்தவர்கள் உடைத்துப் போட்ட பாட்டில்கள். இந்தப் பகுதி ஏரியிலும் ஆற்றிலும் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்கள் கை விரல்களைப் பார்த்தால் ஏரியடியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுப்பு வேண்டாம். சிறிய கேஸ் சிலிண்டரை ரயிலில் எடுத்துப் போவது சட்ட விரோதம். 2023 ஆகஸ்ட் 26-ல் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் கள்ளத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். தவிர, கரையோரச் சவுக்குத் தோப்புகளில் உதிர்ந்து காய்ந்து கிடக்கும் ஊசியிலைகள் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பழவேற்காட்டில் மீன் குழம்புச் சாப்பாடு கிடைக்கும்போது மணலில் உட்கார்ந்து நூடுல்ஸ் கிண்டுவது என்ன ரசனையோ.

டென்ட்? மழைக்கான மேலுறையைக் கழற்றிவிட்டு, வலை மட்டும் உள்ள டென்ட் என்றால் சரி. இல்லாவிட்டால் கொசுவலையும் நாலு குச்சியும். இரவு வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத கரையில் மூடிய டென்ட் இட்லிப் பானை. எங்கே கட்டுவது என்பதை ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது. வலை உலர்த்துகிற, படகு ஏற்றுகிற இடம் வெற்று மணல் மாதிரிதான் தெரியும். டார்ச்சில் சிவப்பு வெளிச்சம் வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கரையில் ஜனவரி முதல் ஆமைகள் முட்டையிடுகின்றன, கோடைத் தொடக்கத்தில் குஞ்சுகள் கடலுக்கு ஓடும். வெள்ளை வெளிச்சம் அவற்றை ஊர்ப் பக்கம் திருப்பிவிடும்.

இத்தனையும் எழுதியாகிவிட்டது. ஆனால் பழவேற்காட்டுக்கான பட்டியலில் முதல் வரியாக இருக்க வேண்டிய சாமான் இன்னும் வரவில்லை. அது லைஃப் ஜாக்கெட்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த உறவினர் கூட்டம் ஒன்று பழவேற்காட்டில் படகில் ஏறியது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. அவர்களிடம் லைஃப் ஜாக்கெட் இல்லை. அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போடப்பட்டது. ஆனாலும் நடந்து களைத்த ஒரு கூட்டம், முகத்துவாரத்தின் முன்னால் வந்து நின்றதும் யோசிப்பது என்ன? "அண்ணே, அந்தக் கரைக்கு விட்டுடுறீங்களா, ஆளுக்கு நூறு ரூபா தர்றோம்." அல்லது இடுப்பளவுதானே என்று இறங்கி நடப்பது. முகத்துவாரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. போன வருடம் நடந்து கடந்தவர் சொன்ன வழி இந்த வருடம் ஆழமாக இருக்கலாம். அலை ஏற்ற இறக்கம் இந்தக் கரையில் ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் அவ்வளவு பெரிய ஏரியின் நீர் ஒரு குறுகிய வாய் வழியாகப் போய் வருவதால் இழுப்பு பலமானது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதனால் படகில் ஏறுவதில்லை, முகத்துவாரத்தைக் கடப்பதில்லை, இந்தப் பக்கத்தோடு திரும்புவது என்று முடிவு செய்தால் லைஃப் ஜாக்கெட் தேவையில்லை. அதுதான் ஒழுங்கான முடிவும்கூட. கடக்கத்தான் வேண்டும், அதற்கு முறையான அனுமதியும் உண்டு என்றால் தலைக்கு ஒன்று, அவரவர் அளவில். விலை குறைவாகக் கிடைக்கும் 50 நியூட்டன் மிதவை உடுப்பு நீச்சல் தெரிந்தவருக்கான உதவி மட்டுமே. நீச்சல் தெரியாதவருக்கு 100 நியூட்டனாவது வேண்டும், கால் நடுவே வார் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் கீழே போவான், ஜாக்கெட் மேலே மிதக்கும். அரை கிலோவுக்கு மேல் எடை, பையில் அடைக்க முடியாது, போட்டோவில் அசிங்கமாக இருக்கும். பட்டியல்களில் இருந்து அது முதலில் அடிபடுவதற்கு இந்த மூன்று காரணமே போதுமானதாக இருக்கிறது, டிரைபாட் மட்டும் எப்படியோ தப்பித்துவிடுகிறது.

நேரத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். மீனவர்கள் விடியுமுன் கிளம்புகிறார்கள். நடப்பவர்களும் ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் ஏதாவது ஒரு நிழலில் ஒதுங்கிவிட வேண்டும். மாலை ஐந்துக்குப் பிறகு ஒரு மணி நேரம். அலை நனைத்து இறுகிய மணலில் நடந்தால் கால் பாதி மிச்சம். இப்படி நடந்தால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போவதே அதிகம், வடக்கே ஸ்ரீஹரிகோட்டா தடை செய்யப்பட்ட பகுதி என்பதால் எப்படியும் வெகுதூரம் போக முடியாது. யாராவது பேச்சுக் குழறி, சொன்னது புரியாமல் தள்ளாடினால் அது சோம்பல் இல்லை, வெப்பத் தாக்கு. குடிக்கக் கொடுத்து எழுப்பப் பார்க்காமல், நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த மூன்று லிட்டரில் ஒன்றை மிச்சம் வைத்திருந்தால்தான் இதுவும் நடக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, மூடுபனிக் கடற்கரைதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் போகலாம். மார்கழி கடைசியில் காலை வேளைகளில் ஏரி மேல் வெண்மையாக மூட்டம் நிற்கும், பூநாரைகளும் வந்திருக்கும். படகுக்காரர்களே பொழுது தெளியட்டும் என்று காத்திருக்கும் நேரம் அது, அப்போது கரையில் உட்கார்ந்து டீ குடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஃப்ளீஸ் ஜாக்கெட்டை வாங்கித் தொலைத்தவர்கள் அன்றைக்கு அதைப் போட்டுக்கொள்ளலாம், ஏழரை மணி வரைக்கும்.